சாக்கடைத் தண்ணிப் பூ

தேவயானியின் சாமந்தி மூட்டை ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் சில்வியாவுக்கு வயிறு எரியும்.

எரியாதா பின்னே? வரப்புக்கு இந்தப் பக்கம் சில்வியாவின் நிலம் காய்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் தேவயானிக்கு வெயில் காலத்திலும் பூ.

ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பிளான்ட், தேவயானி கொடுத்த இடத்தில்தான் வந்திருந்தது. தொட்டியில் தேங்கி, ஜல்லியிலும் கல்வாழை வேரிலும் வடிந்து, தெளிந்து வருகிற தண்ணீர் முழுக்க அவள் நிலத்துக்கே போனது.

"ஓரத்துல ஒரு துண்டக் குடுத்துட்டு ஊருத் தண்ணிய மொத்தமா அமுக்கிக்கினா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினாள் சில்வியா.

கல்லறைத் திருநாள் வந்தது. எல்லோரும் தேவயானியிடம் பூ வாங்கக் கிளம்ப, சில்வியா மாதா கோயில் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அது சாக்கடைத் தண்ணில வளந்த பூ. செத்தவங்க தலமேல அதையா போடுவீங்க?"

பேச்சு எடுபட்டது. தேவயானியின் பூ கூடையிலேயே வாடியது. வேலூரிலிருந்து வாங்கி வந்த மாலையைப் புருஷன் செபாஸ்டியன் கல்லறையில் சாத்திவிட்டு, சில்வியா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

நிம்மதி எங்கே நிலைத்தது? மறுநாளே மூட்டை மறுபடி பஸ் ஏறியது.

நேராக பிளான்ட்டுக்குப் போனாள். அங்கே மோட்டார் பார்க்கிற ஜெர்சன், தொட்டியில் மிதந்த பாலிதீன் பைகளை அள்ளிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தத் தண்ணில பாதிய எங்கொல்லி நெலத்துக்குத் திருப்பி விடேன். கேவுரு போடணும்."

"இன்னாக்கா, சாக்கடைத் தண்ணின்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது பூவுக்கு. கேவுருக்கு இன்னா வந்துச்சி?"

ஜெர்சன் சிரித்துவிட்டான். "தேவயானியக்காவ ஒரு வார்த்த கேளுங்க. குடுத்துடுவாங்க."

"அவள நான் ஏன் கேக்கணும்? தண்ணிக்கு ஆசப்பட்டுத்தான எடத்தயே குடுத்தா?"

ஜெர்சன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"மொதல்ல பாத்த எடம் இது இல்லக்கா. கல்லறத் தோட்டத்துச் சொவரு ஓரமா கீற பொறம்போக்கு. அளந்து கோடே போட்டாச்சி. நான்தான் சுண்ணாம்பு தூவுனேன்."

"எந்தச் சொவரு?"

"செபாஸ்டியண்ணன் கீற பக்கத்துச் சொவரு. தேவயானியக்கா ஓடியாந்து கோட்டு மேலயே நின்னுக்கினாங்க. 'அந்தாண்ட அண்ணன் படுத்துனுகீது. அது தலமாட்டுலயா ஊரு கக்கூஸ் தண்ணிய நிறுத்துவீங்க? எங்கொல்லிய எடுத்துக்குங்க'ன்னாங்க. அவங்க கெணத்த மூடித்தான் இந்தத் தொட்டி கட்டுனது. போன கெணத்துக்குப் பதிலாத்தான் இந்தத் தண்ணி."

சில்வியா தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"அவங்க பூ வாடுன அன்னிக்கே, 'நான் போயி சொல்லிட்றேன்'னேன்க்கா. வாணாம்னுட்டாங்க. 'வாரா வாரம் மெழுவத்தி ஏத்தப் போறவ. சொவத்துக்கு அந்தாண்ட இன்னா வர இருந்துச்சின்னு தெரிஞ்சா அப்புறம் கல்லறையப் பாக்க மாட்டா, அந்தச் சொவரத்தான் பாத்துக்கினு நிப்பா'ன்னாங்க."