தலையாட்டிப் பொம்மையின் ஸ்க்ரூ

பழைய கார் ஒன்றின் டாஷ்போர்டு, தன் தலைமேல் உட்கார்ந்திருந்த தலையாட்டிப் பொம்மையைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தது. பொம்மை விழாமலிருக்க முதலாளி கோதண்டம் ஒரு ஸ்க்ரூ முடுக்கியிருந்தார். டாஷ்போர்டில் ஓடிய விரிசல் அந்த ஸ்க்ரூ ஓட்டையிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

“வெயில்ல காஞ்சு வெடிச்சிருக்கு,” என்றார் கோதண்டம். பொம்மை தலையாட்டியது.

“பசை தடவினா போதும்.” அதற்கும் ஆட்டியது.

மூன்று தடவை பசை தடவினார். மூன்று தடவையும் விரிசல் இன்னும் ஒரு விரல் நீண்டதுதான் மிச்சம்.

“அடப்பாவி! உன் ஸ்க்ரூதான் காரணம்னு உனக்கே தெரியுமே!” என்று டாஷ்போர்டு கத்தியது.

“நீ சொல்றதும் சரிதான்,” என்று பொம்மை அதற்கும் தலையாட்டியது.

கடைசியில் மெக்கானிக் ஜபருல்லா வந்தார். பொம்மையைக் கழற்றி ஸீட்டில் நிறுத்தினார். டாஷ்போர்டைப் பெயர்த்துக் கவிழ்த்து, பின்பக்கம் கம்பி வலை வைத்து, சால்டரிங் அயர்னால் உருக்கி ஒட்டினார். டாஷ்போர்டு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது.

“ஸ்க்ரூ போட்டதாலதான் சார் விரிஞ்சிருக்கு,” என்றார் ஜபருல்லா.

“அப்படியா? அப்ப பொம்மையைக் கொஞ்சம் தள்ளி இந்தப் பக்கம் முடுக்கிடுங்க,” என்றார் கோதண்டம்.

டாஷ்போர்டு அலறியது. “டேய், இந்த ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லித் தொலைடா!”

“கண்டிப்பா சொல்றேன்,” என்ற பொம்மை, கோதண்டத்தைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டியது.

ஜபருல்லா கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் தலையாட்டிவிட்டு ட்ரில்லைக் கையில் எடுத்தார்.