செடியிலேயே உலரும் தக்காளி

"சுத்தியலைக் கீழ போடுங்க மாமா!"

மருமகள் சுவரோடு ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். எதிரே மாமனார், ஓங்கிய கையோடு.

"நகரும்மா. ஒரே அடிதான்."

"அப்ப முதல்ல என் மேல போடுங்க."

அவர் கை தானாகத் தாழ்ந்தது. அவள் மறைத்து நின்றது கண்ணாடிச் சுவரை.

அவள் விஞ்ஞானி. அந்தக் கண்ணாடிக் கூடத்தில் இருந்தது அவளுடைய பல வருட உழைப்பு: மரபணுவை மாற்றி, தோலின் மெழுகுப் படலத்தை மெல்லியதாக்கிய தக்காளி. அறுத்து வெயிலில் பரப்ப வேண்டாம். அழுகாமல் செடியிலேயே உலர்ந்துவிடும். ஆனால் ஒரு விதைகூட வெளியே போகக் கூடாது. கண்ணாடி உடைந்தால் அனுமதி ரத்து. செடிகள் அத்தனையும் தீக்குத்தான்.

விடுமுறை நாளில் சாப்பாடு கொண்டுவந்தவரை, "வந்து பாருங்க மாமா" என்று ஆசையாக உள்ளே அழைத்தது அவள்தான். கதவைச் சாத்திய கையோடு மின்சாரம் போனது. மின்பூட்டு அசையவில்லை. கைப்பேசிகளும் அவருடைய இதய மாத்திரையும், விதிப்படி, வெளி அறையில். காவலாளி மாலையில்தான் வருவார்.

மின்விசிறி நின்ற கூடம் அடுப்பாகக் கொதித்தது. சுத்தியலைக் கீழே வைத்த மாமனார் செடியோரம் உட்கார்ந்து, சுருங்கத் தொடங்கிய ஒரு பழத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இன்னும் மூணு வெயில் பட்டாப் போதும், நல்லா காஞ்சிடும்."

"பார்த்ததுமே சொல்றீங்களே!" அவள் சிரிக்க முயன்றாள்.

"அது... நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"பேசாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க."

கொஞ்ச நேரத்தில் அவர் தலை அவள் தோளில் சரிந்தது. உதடு கறுத்திருந்தது. கல்யாணமாகி வந்தவளை மேலே படிக்க அனுப்பியவர். இன்றுவரை சமைத்துக் கட்டிக்கொடுப்பவர்.

அவள் செடிகளை ஒருமுறை பார்த்தாள். சுத்தியலை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தாள்.

காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. அவரை இழுத்து வெளியே கிடத்தி, சுற்றிக்கொண்டு ஓடி, மாத்திரையைக் கொண்டுவந்து நாக்கடியில் வைத்தாள். நல்லவேளை, கண் திறந்தார்.

"எல்லாம் போச்சு மாமா," அவள் விம்மினாள். "பரவாயில்ல. நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"உன் கோட்டைத் துவைக்கிறப்ப பைக்குள்ள நாலு விதை ஒட்டிட்டிருந்துச்சும்மா. சும்மா மாடித் தொட்டியில போட்டு வெச்சேன். நீதான் மாடிப் பக்கமே வர்றதில்லையே."

அழுகை சட்டென்று நின்றது. "எப்ப மாமா?"

"போன வருஷம். இப்ப நம்ம தெருவுல மாடிக்கு மாடி இதுதான் காயுது!"