எழுபத்தெட்டு கிலோ

கல்லீரலில் ஒரு பங்கை அண்ணனுக்குக் கொடுக்க வேண்டுமானால் இளம்பரிதி முதலில் இளைத்தாக வேண்டும். டாக்டர் எழுபது கிலோ என்றபோது, “அவனால முடியிறதா சொல்லுங்க” என்று கெஞ்சி எழுபத்தெட்டாக்கியதே அண்ணன்தான். இன்று காலை வீட்டில் எடை பார்த்தபோது எழுபத்தேழரை. இளம்பரிதிக்கு வயிற்றைக் கத்தி தொட்டதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு உள்ளே போனான். எடை மெஷின் எழுபத்தொன்பது காட்டியது.

“ஒரு கிலோதானே தம்பி. பாவம், துரும்பா இளைச்சிட்டீங்க” என்று அண்ணி கண்கலங்கினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான்.

மஞ்சள் பாரித்த கண்களால் அவனையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மெல்லச் சொன்னார்: “போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வாடா. எவ்வளவு நேரந்தான் அடக்குவ?”