இருபத்தேழாவது லெவல்

காலை ஒன்பதரை மணிக்குத் திண்டிவனத்தில் தன் ஆபீஸைத் திறக்க வந்த குமரேசன், சாவியை நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

வாசற்படியில் ஓர் எலுமிச்சம்பழம். அதில் ஏழு குண்டூசிகள். பக்கத்தில் குங்குமத்தால் 27 என்று எழுதியிருந்தது.

மெத்தைக் கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறையில்தான் 'கரும்பு லோடு' என்ற செல்போன் விளையாட்டு பிறந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டரைக் குண்டு குழிகளைத் தாண்டி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விழுப்புரம் வட்டாரத்தில் பாதிப் பேர் அதே கதியாகக் கிடந்தார்கள். ஆனால் இருபத்தேழாவது லெவலில் ஒரு கோளாறு. பாலத்தில் ஏறியதும் டிராக்டர் பாலத்துக்குள்ளேயே புகுந்து ஆற்றில் விழுந்துவிடும்.

புகார்கள் குவிந்தன. முதலாளி குமரேசன் அசரவில்லை. ஆடியில் புதிதாக எதையும் வெளியிடக் கூடாது என்றார். ஆவணியில் டிராக்டருக்குப் புது ஹார்ன் வைத்தார். புரட்டாசியில் சீரியல் பல்பு மாட்டினார். பாலம் மட்டும் அப்படியே கிடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் போனது: 'உங்கள் கருத்து எங்களுக்குப் பொன்னானது. பரிசீலனையில் உள்ளது.'

அந்தப் பதிலை அனுப்புகிறவள் அருணா. ஆபீஸில் இருந்த ஒரே புரோகிராமரும் அவள்தான். விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துப் பத்து மணிக்கு வந்து சேர்ந்தவள், உள்ளே போகாமல் வாசலிலேயே நின்ற முதலாளியைப் பார்த்தாள்.

"அவன்தாம்மா! அந்தக் கண்டாச்சிபுரத்தான்!"

அருணாவுக்குப் புரிந்தது. நேற்று வந்த மெயிலை அவளே படித்துக் காட்டியிருந்தாள். 'இதோட எண்பத்தாறு மெயில் போட்டுட்டேன். என் டிராக்டர் இன்னும் ஆத்துலயே கெடக்கு. இனிமே எழுதிக்கினு இருக்க மாட்டேன். நேர்ல வர்றேன். இப்படிக்கு, வெற்றிவேல், கண்டாச்சிபுரம்.'

"எலுமிச்சம்பழம்தானே சார், நான் தூக்கிப் போட்டுடறேன்" என்று குனிந்தாள்.

"தொடாதம்மா! கை வெளங்காம பூடும்!"

"அப்போ போலீஸ்ல சொல்லுங்க சார்."

"என்னன்னு சொல்றது? எலுமிச்சம்பழம் மெரட்டுதுன்னா?"

வெள்ளிக்கிழமை தவறாமல் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துச் சாம்பிராணி காட்டுகிறவர் குமரேசன். ஆயிரம் மெயில் வந்தாலும் அசையாதவர், ஒரே ஒரு பழத்துக்கு ஆடிப்போய்விட்டார்.

மறுநாள் இரண்டு பழங்கள் இருந்தன. அன்றைக்கென்று ஸ்கூட்டர் பஞ்சர். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் நாள் மூன்று பழங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகளின் நினைப்பு வந்தது. தனக்கு என்ன ஆனாலும் சரி, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"அருணா, அந்தப் பாலத்தைச் சரி பண்ண எத்தினி நாள் ஆவும்?"

"அது ஆடியிலயே சரி பண்ணிட்டேன் சார். நீங்கதான் இன்னும் சரின்னு சொல்லல."

"சொல்லிட்டேன். ஜல்தியா வெளிய விடு!"

அருணா கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்போ ராகு காலம் சார்."

"ராகுவா குண்டூசி குத்திக்கினு இருக்கான்? விடும்மா!"

பத்தே நிமிடத்தில் பாலம் உறுதியானது. மறுநாள் காலை வாசற்படி சுத்தமாக இருந்தது. குமரேசன் மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகக் காபி குடித்தார்.

பாதிக் காபியில் மாடிப்படி அதிர்ந்தது. ஆறடி உயரத்தில் ஓர் ஆள் உள்ளே வந்தான். தோளில் ஒரு கோணிப்பை.

"நான்தாங்க வெற்றிவேல். கண்டாச்சிபுரம்."

டம்ளர் கை நழுவிக் கீழே விழுந்தது. குமரேசன் நாற்காலியோடு சுவர் வரைக்கும் பின்வாங்கினார். "தம்பி, எனக்கு ஒரே பொண்ணுப்பா. அதான் சரி பண்ணிட்டோமே!"

வெற்றிவேல் கோணியைத் தொப்பென்று மேஜையில் போட்டு வாயை அவிழ்த்தான். உள்ளே மண் வாசனை மாறாத மல்லாட்டை; பச்சை வேர்க்கடலை.

"அதுக்குத்தாங்க வந்தேன்! நேத்து பாலத்தைத் தாண்டிட்டேன் சார். ஊரே கூடிப் பாத்துச்சு. போன வாரமே சண்டை போட வரணும்னு இருந்தேன். மல்லாட்டை புடுங்குற வேலை, கொல்லைய விட்டு நகர முடியல. இப்ப சண்டைக்கு வேலை இல்ல. வேவிச்சு சாப்புடுங்க."

"அப்போ அந்த எலுமிச்சம்பழம்?"

"எங்க கொல்லையில எலுமிச்சை ஏதுங்க? வேணும்னா சந்தையில வாங்கிக்கினு வர்றேன்."

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான்.

"அப்போ பழம் வச்சது யாரும்மா?" என்றார் குமரேசன்.

"யாரோ ஒரு ஆட்டக்காரங்க சார். ஊர்ப்பட்ட பேர் ஆடறாங்க, யாருன்னு கண்டோம்?" அருணா ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "பட்டியல்ல இன்னும் நாலு கோளாறு இருக்கு சார். அதையும் கையோட வெளிய விட்டுடலாமா?"

குமரேசனுக்கு அதற்குள் தெம்பு திரும்பியிருந்தது. "அதான் பேஜாரு ஒழிஞ்சுதே! அதெல்லாம் மார்கழி கழியட்டும். தீபாவளி வருது, டிராக்டருக்குப் பட்டாசு வைம்மா."

"சரிங்க சார்" என்று அருணா தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் விழுப்புரம் பஸ் ஏறும் முன்னால் கடைவீதியில் நின்று, நல்ல பழமாக நான்கு எலுமிச்சம்பழம் பொறுக்கி வாங்கிக்கொண்டு, பூட்டிய ஆபீஸ் மாடிக்கே திரும்பினாள்; ஆபீஸ் குண்டூசி டப்பா அவள் கைப்பையில் ஏற்கெனவே இருந்தது.