கொசுவுக்கு ஒரு குரல்

“கொசு! கொசு! அசத்துடா கொசு!”

அந்த அம்மா போட்ட சத்தத்தில் பால்கனி வரிசை மொத்தமும் திரும்பி முறைத்தது. ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி, மடியில் கைப்பை. பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

பக்கத்து இருக்கையில் இருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் காது அடைத்துவிட்டது.

கம்ப்யூட்டரில் அணியாக ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் இறுதிப் போட்டி. லீவு போட்டுவிட்டு, மருந்துக் கடை வைத்திருக்கும் மச்சானையும் கடையைச் சாத்தவைத்து இழுத்து வந்திருந்தார். செல்போனில் பார்ப்பது வேறு, எட்டாயிரம் பேரோடு அரங்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. அதுவும் அவருடைய அணி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இறுதிக்கு வந்திருக்கிறது!

என்ன பிரயோஜனம்? அணியின் உயிரே ராக்கெட்தான். அவனுக்கு மணிக்கட்டில் அடி, ஆட முடியாது என்று போன வாரம் அறிவித்துவிட்டார்கள். அவன் நாற்காலியில் இன்றைக்கு ஒரு புதுமுகம். இந்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் பட்டப்பெயரில்தான் ஆடுவார்கள். இவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் கொசு. வேறு பெயரே கிடைக்கவில்லை போல.

ஆட்டம் தொடங்கியதும் அந்த அம்மா கப்சிப். மூச்சுக்கூட விடவில்லை.

மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் கோப்பை. முதல் ஆட்டம் போயே போய்விட்டது. கொசு சுட்டதெல்லாம் சுவரில்தான் பட்டது.

இடைவேளை. மேடையில் இருந்தவர்கள் ஹெட்போனைக் கழற்றித் தண்ணீர் குடித்தார்கள். அதற்கென்றே காத்திருந்த மாதிரி அரங்கம் “ராக்கெட்! ராக்கெட்!” என்று அதிர்ந்தது. மெக்கானிக்கும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். மச்சான் ஒரு படி மேலே போய், கொசு அடிக்கிற மாதிரி இரண்டு கையையும் பட் பட்டென்று தட்டிக் காட்டினார்.

அந்த அம்மா எழுந்து நின்று, ஒற்றை ஆளாக, “கொசு! கொசு!” என்றார்.

“ஏம்மா, உங்க பையனா அவன்?” என்று மச்சான் நக்கலாகக் கேட்டார்.

“யார் பெத்த பிள்ளையா இருந்தா என்ன தம்பி? நம்ம டீம் சட்டையைத்தானே போட்டிருக்கான்?”

“பாத்தியா மாப்ள, பெத்த பாசம் பேசுது!”

மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை. “பாசம் இருக்கட்டும்மா. அது ராக்கெட்டோட நாற்காலி. அதுல இவன் உக்காந்தா எங்களுக்கு வயிறு எரியாதா?”

“எரியும் தம்பி. நல்லாவே எரியும்.” அந்த அம்மா மேடையைக் கைகாட்டினார். “ஆனா ஆடும்போது நாம கத்துற எதுவும் அவன் காதுல விழாது. ஹெட்போனைக் கழட்டுற இந்த அஞ்சு நிமிஷம்தான் விழும். அப்பவும் இன்னொருத்தன் பேரையே கேட்டா கை நடுங்காதா, சொல்லுங்க?”

மெக்கானிக் பெரிய திரையைப் பார்த்தார். கொசுவின் முகம் அதில் தெரிந்தது. பாட்டில் மூடியை மூடப் பார்க்கிறான், திருகே பிடிக்கவில்லை.

அவருக்குச் சுருக்கென்றது. லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டு அலற, வெளியே நாலு பேர் நின்று, ‘பழைய மெக்கானிக்னா இந்நேரம் தொறந்திருப்பான்’ என்று சொல்லும்போது ஸ்க்ரூடிரைவர் எப்படி வழுக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்தார்.

“கொசு!”

“மாப்ள! நீயுமா?”

“கத்துங்க மச்சான்! உங்களுக்குக் கப்பு வேணுமா, வேண்டாமா?”

மச்சானுக்குக் கப்பு வேண்டும். கத்தினார். மருந்துக் கடையில் நாள் முழுக்க மெதுவாகப் பேசிப் பேசிச் சேர்த்து வைத்த குரல் மொத்தமும் வெளியே வந்தது. முன் வரிசை திரும்பியது, சிரித்தது, சேர்ந்துகொண்டது. கொசு தலையைத் தூக்கிப் பால்கனியைத் தேடினான்.

இரண்டாவது ஆட்டம், மயிரிழையில் வெற்றி!

அடுத்த இடைவேளையில் பாதி அரங்கமே “கொசு! கொசு!” என்றது. அவன் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

மூன்றாவது ஆட்டம், சரிக்குச் சரி. கடைசிச் சுற்று. ஜெயிப்பவருக்குக் கோப்பை. நம் ஆட்கள் நாலு பேரும் காலி. மிச்சம் கொசு ஒருவன்தான், எதிரே மூன்று பேர்.

“போச்சு” என்று மச்சான் தலையில் கை வைத்தார்.

கொசு ஒருவனைச் சாய்த்தான். அரங்கம் எழுந்தது. சுவரைச் சுற்றி ஓடி வந்து இரண்டாமவனையும் சாய்த்தான். மச்சானின் கையை மெக்கானிக் நசுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாமவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். கொசு அவசரப்படவில்லை. நின்றான், காத்திருந்தான், அவன் மூக்கு நுனி தெரிந்ததும் சுட்டான்.

அவ்வளவுதான்! கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிக்கொண்டார்கள். மேடையில் நாலு பேர் கொசுவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மெக்கானிக் வெட்கமே இல்லாமல் அழுதார். வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை.

மச்சான் அந்த அம்மாவின் முன்னால் கையைக் கூப்பினார். “தப்பா பேசிட்டேன், மன்னிச்சுடுங்கம்மா. உங்க பையன் சாதிச்சுட்டான்!”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என் பையன் வீட்ல இருக்கான் தம்பி. ‘கொசுவுக்குக் கத்த அங்க ஒருத்தர்கூட இருக்கமாட்டாங்க, நீ போம்மா’ன்னு டிக்கெட்டை என் கையில திணிச்சு அனுப்பினான். கட்டுப் போட்ட கையோட இந்நேரம் டிவி முன்னால குதிச்சுக்கிட்டிருப்பான், உங்க ராக்கெட்!”