ஒரு சொட்டுச் சிவப்பு

"ஊசி போடுவீங்களோ, டானிக் குடுப்பீங்களோ, பழைய அழகியா இவளை எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க டாக்டரம்மா. விராலிமலைக்குப் பால்குடம் எடுக்கிறதா வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்."

சொல்லிக்கொண்டே மெய்யம்மை ஆச்சி உட்கார, நாற்காலி முனகியது. நல்ல கனத்த உடம்பு. பக்கத்தில் நின்ற சமையல்காரி அழகியோ ஈர்க்குச்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம். திருமயம் கோட்டைக்குக் கீழே டாக்டர் சந்தனமேரி வைத்திருந்த சிறிய வைத்தியசாலை அது.

"ஒனக்கு என்னம்மா செய்யுது?" என்று அழகியிடம் கேட்டார் டாக்டர்.

அழகி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுதுங்கம்மா. மாடிப்படி நாலு ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது. நாள் பூரா அசதி. அப்புறம்... பானையில இருக்கிற பச்சரிசிய அள்ளி அள்ளித் திங்கணும்போல இருக்குது."

ஆச்சி சிரித்துவிட்டார். "அடி இவளே! அதெல்லாம் ஒரு வியாதியா? அரிசியப் பாத்தா யாருக்குமே வாயில போடத்தான் தோணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அதுதான் ஆச்சி முக்கியமான அடையாளம். ஒடம்புல இரும்பு கொறைஞ்சா அப்படித் தோணும்."

"இரும்பா? ஒடம்புக்குள்ளயா?"

"ஆமா. ஒரு ஆளோட ஒடம்பு பூராத் தேடினாலும் ஒரு ஆணி செய்யற அளவுக்குத்தான் இருக்கும். செம்பு, துத்தநாகம் அதைவிடக் கொஞ்சம். ஆனா அந்த இரும்பு கொறைஞ்சா ஆள் சாஞ்சிரும்."

"அட முருகா! உள்ளுக்குள்ள கொல்லன் பட்டறையே வச்சுல்ல அனுப்பியிருக்கான்!"

டாக்டர் ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழகியின் விரல் நுனியில் லேசாகக் குத்தினார். வந்த ஒரு சொட்டை மை ஒற்றும் தாளில் எடுத்தார். மேஜையில் ரத்தத்தின் சத்தை அளக்கும் ஓர் அட்டை. அதில் வெளிறிய சிவப்பு முதல் அடர்ந்த சிவப்பு வரை வரிசையாகப் பத்துக் கட்டங்கள். தாளை ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிக் கட்டத்துக்கு முந்தியதில்தான் நிறம் ஒத்துப்போனது.

"ஒன் ரத்தம் செம்பருத்தியாட்டம் இருக்கு. வீட்டுல என்ன சாப்பிடுறே?"

"கேப்பக்கூழும் முருங்கக்கீரையும்தாங்க. ஆச்சி வீட்டுப் பலகாரம் எனக்கு ஒத்துக்காது."

"அதான் ஒரு கொறையும் இல்ல. அப்போ கண்ணு இருட்டுது, நெஞ்சு அடிக்குதுன்னதெல்லாம் பொய்யா? வேலைக்கு டிமிக்கி குடுக்கப் பாக்கிறியா?"

 அழகிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்படிச் சொல்லாதீங்க டாக்டரம்மா! பத்து வருசமா எங்க வீட்டுல இருக்கா. இவ வாயில ஒரு பொய் வந்ததில்ல. ஒங்க தாளுதான் பொய் சொல்லுது. பழசாப் போயிருக்கும். சந்தேகம்னா என் வெரல்ல குத்திப் பாருங்க. இந்த ஒடம்புல ரத்தத்துக்கா பஞ்சம்?"

அவர் மனம் நோகக் கூடாதே என்று டாக்டர் ஊசியை மறுபடி துடைத்தார். ஆச்சியின் சொட்டு தாளில் பரவியது. தண்ணீர் கலந்த குங்குமம்போல அவ்வளவு வெளிறிப்போய்.

"பாத்தீங்களா! நான் சொல்லல? தாளு கெட்டுத்தான் போச்சு!" ஆச்சிக்கு ஜெயித்த சந்தோஷம்.

டாக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். வேறு விரலில் குத்தினார். அதே வெளிறல். ஆச்சியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே துளிச் சிவப்பும் இல்லை.

"தாள் கெடல ஆச்சி. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"கொஞ்சமாத்தான். நெய் விட்டு எட்டு வெள்ளைப் பணியாரம். அப்புறம் கந்தரப்பம் ஒரு நாலு."

"மில் அரிசி, நெய், வெல்லம். சதை ஏறுது, இரும்பு ஏறல. அது மட்டுமில்ல, பெருத்த ஒடம்புல, தின்ன இரும்பும் ரத்தத்துக்கு ஒழுங்கா வந்து சேருதான்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். ஈரல்லயே தங்கிப்போகுதோ, எங்க பதுங்குதோ, பெரிய படிப்பு படிச்சவங்கதான் தேடிக் கண்டுபிடிக்கணும். இன்னும் ஒரு வருசம் இப்படியே விட்டிருந்தா ஒங்க இருதயம் தாங்கியிருக்காது."

ஆச்சி மெல்ல நாற்காலியில் அமர்ந்தார்.

டாக்டர் இரும்புச் சத்து மருந்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பணியாரத்துக்குப் பதில் கேழ்வரகு, தினம் ஒரு கீரை என்று அடியில் எழுதிக் கோடு போட்டார். பிறகும் ஏதோ உறுத்தியது. பேனாவை மூடாமலே அழகியின் பக்கம் திரும்பினார்.

"நீ பொய் சொல்றவ இல்லங்கிறாங்க ஆச்சி. ரத்தமோ நல்லா இருக்கு. கண்ணு இருட்டுறதும் அரிசி திங்கிறதும் ஒனக்கு எப்போலேருந்து இருக்கு?"

அழகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு எங்க வந்துச்சு டாக்டரம்மா? ஆச்சிக்கு வர்றதத்தான் சொன்னேன். ஒங்ககிட்ட வந்து காட்டுங்கன்னு மூணு வருசமாக் கெஞ்சுறேன், 'எனக்கென்னடி கேடு'ங்கிறாக. எனக்குன்னு சொன்னா மறுநாளே வண்டி பூட்டிருவாகன்னு தெரியும்."