வாத்து சுடும் துப்பாக்கி

"உங்க பழைய டிவியைக் குடுத்துடுங்க அண்ணே. பதிலுக்கு முப்பத்திரண்டு இஞ்ச் புது டிவி தரேன்."

வேலாயுதம் எஸ்தரை மேலும் கீழும் பார்த்தார். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்காருகிறவள். இரண்டு தெரு தள்ளி வீடு. இதே பேச்சோடு வருவது இது நாலாவது தடவை.

"கவர்மென்ட்ல இலவசமா குடுத்த டிவிமா இது. பதினாலு இஞ்ச். காயலான் கடைக்காரன் கூட தொட மாட்டான். இதுக்கு ஏன் இப்படி அலையுறே?"

"வீடியோ கேம் ஆட."

எஸ்தர் பையிலிருந்து ஆரஞ்சு நிறத் துப்பாக்கி ஒன்றை எடுத்தாள். வேலாயுதம் இரண்டடி பின்னால் போனார்.

"பிளாஸ்டிக்தான் அண்ணே. டிவியில வாத்து பறக்கும், இதால சுடணும். சின்ன வயசுல பக்கத்து வீட்டுல ஆடுவாங்க. என் முறை வர்றப்ப கரன்ட் போயிடும். இப்ப நானே தேடித் தேடி கேம் பெட்டி மூணு, கேசட் அறுபத்தொண்ணு சேத்துட்டேன்."

"அப்புறம் என்ன?"

"மத்த கேம் எல்லாம் புது டிவியில ஓடுது. துப்பாக்கி மட்டும் உங்களோடது மாதிரி பின்னால பெருத்த குழாய் டிவியிலதான் வேலை செய்யுது. தட்டை டிவியில நாள் பூரா சுட்டாலும் ஒரு வாத்து விழாது. பதினாலு மாசமா தேடறேன். ஏழு காயலான் கடை ஏறி இறங்கிட்டேன், எல்லாத்தையும் உடைச்சிட்டாங்க. நான் விடறதா இல்லை."

கட்டிலிலிருந்து அவர் மனைவி தேவகி குரல் கொடுத்தாள். இடுப்பு எலும்பு உடைந்து இரண்டு வருடமாகப் படுக்கைதான்.

"குடுத்துடுங்களேன். அடுத்த வாரம் கருட சேவை. போன வருஷம் இந்த டிவியில பெருமாள் எது, குடை எதுன்னே தெரியல எனக்கு."

"யோசிச்சு சொல்றேன்" என்றார் வேலாயுதம்.

யோசிப்பதற்குள் மச்சான் சீனிவாசன் வந்துவிட்டான்.

"மாமா, நாப்பத்திநாலு வயசுப் பொம்பளை வாத்து சுடப் போவுதாம், நீயும் நம்பிக்கினு இருக்கிறியே! பழைய டிவிக்குள்ள சிவப்பு பாதரசம் இருக்குதாம். ஒரு சொட்டு கோடிக்குப் போவுதாம். வாட்ஸ்அப்ல வந்துது."

"நெசமாவா?"

"பின்ன? பெரிசைக் குடுத்து சின்னதை எவனாவது வாங்குவானா?"

வேலாயுதத்துக்கு அது சரியாகப் பட்டது. ஏமாறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு டிவியை எடுத்துப் போகச் சொல்லி எஸ்தருக்குச் சொல்லி அனுப்பினார். மத்தியானம் தேவகி கண்ணயர்ந்ததும், மாமனும் மச்சானும் டிவியைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போய் ஆறு திருகாணிகளையும் கழற்றினார்கள்.

உள்ளே ஒரு விரல் தூசியும், காய்ந்துபோன பல்லி ஒன்றும் இருந்தன.

"கண்ணாடி கழுத்து மாதிரி இருக்குது பாரு மாமா, அதுக்குள்ளதான் இருக்கும்."

"மெதுவாடா சீனு."

சீனிவாசன் இழுத்தான். டக்கென்று கழுத்து ஒடிந்தது. உஸ் என்று ஒரு சத்தம். சிவப்பாகவும் ஒன்றும் வரவில்லை, கறுப்பாகவும் ஒன்றும் வரவில்லை.

இனி அந்த டிவியில் ஒரு புள்ளிகூடத் தெரியாது என்று இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது.

"இப்ப என்னடா பண்றது?"

"மூடு மாமா. வெளிய இருந்து பாத்தா என்ன தெரியுது?"

ஆறு திருகாணிகளையும் ஒன்று விடாமல் முடுக்கினார்கள்.

நாலு மணிக்கு எஸ்தர் ஆட்டோவில் வந்தாள். புது டிவியைக் கட்டிலுக்கு நேர் எதிரே வைத்து, கேபிளையும் அவளே மாட்டிக் கொடுத்தாள். பழையதைத் தூக்கும்போது கேட்டாள்.

"நல்லா ஓடுது இல்லே அண்ணே?"

"காலையில கூட ஓடுச்சுமா."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் அன்று முதல் வேலாயுதம் தபால் ஆபீஸ் வழியை விட்டுவிட்டு, மூன்று தெரு சுற்றிக்கொண்டு போனார்.

எஸ்தர் சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் போனது. மூன்று நாள் போனது. ஆறு நாள் போனது.

ஏழாம் நாள் கருட சேவை. விடிந்ததும் டிவியில் நேரலை ஆரம்பமானது. பெருமாளின் மாலை, குடையின் குஞ்சலம் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. தேவகி கூப்பிய கையை இறக்கவேயில்லை.

அப்போது வாசலில் எஸ்தர் வந்து நின்றாள்.

புது டிவியைத் திருப்பிக் கேட்க, பார்த்துப் பார்த்து இந்த நாளா வரவேண்டும்? வேலாயுதம் ஓடிப் போய் வழி மறித்தார்.

"எஸ்தரம்மா, அந்த டிவி... இன்னைக்கு ஒரு நாள் மட்டும்..."

எஸ்தர் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். உள்ளே போய் தேவகியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"வாம்மா, நல்ல நேரத்துல வந்தே" என்றாள் தேவகி. "பெருமாள் என் வீட்டுக்குள்ளயே வந்துட்டாரு பாரு. ஆனா மனசுல ஒண்ணு உறுத்திக்கினே இருக்குது. எங்க டிவி உனக்கு சரியா ஓடுதா? ஓடலைன்னா இப்பவே சொல்லிடு. இதைத் திருப்பி எடுத்துக்கினு போ. அடுத்தவங்க பொருள்ல எனக்கு சாமி பாக்க வேணாம்."

வேலாயுதம் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடாம என்னக்கா?" என்றாள் எஸ்தர். "நேத்து ஒரு நாள்ல மட்டும் முப்பத்தெட்டு வாத்து விழுந்துச்சு."